தண்ணீர் சிந்தினால் சண்டை. சாதியைச் சொன்னால் குற்றம்

காலை பத்து மணி. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்வோம். மூன்றாவது மாடியில் காயப்போட்ட ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, இரண்டாவது மாடி பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தின் மேல் விழுகிறது. கீழேயிருந்து ஒரு சத்தம் எழுகிறது. மேலேயிருந்து பதில் வருகிறது. "பிழிஞ்சு போடக்கூடாதா?" என்பது முதல் கேள்வி. "தெரியாம நடந்திருச்சுக்கா" என்பது பதில். இதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் சில குடியிருப்புகளில், சில வீடுகளுக்கு மட்டும், நான்காவது வாக்கியம் ஒன்று வந்துவிடுகிறது: "உங்க ஆளுங்களை எல்லாம் குடிவச்சா இப்படித்தான்."

அந்த நான்காவது வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். முதல் மூன்று வாக்கியங்கள் எல்லா வீட்டிலும் நடக்கும் அண்டை வீட்டுத் தகராறு. நான்காவது வாக்கியம் வேறு. இரண்டுக்கும் சட்டம் வேறு, அணுகும் முறையும் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் நம்மில் சிலர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறோம். சிலர் சாதாரணச் சண்டையைப் பெரிய வழக்காக்கப் போய், நீதிமன்றத்தில் தோற்று நிற்கிறோம்.

ஒரே படிக்கட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கம்பெனிகள் வளர்ந்தன. ஏரியும் வயலும் கிராமமுமாக இருந்த இந்தப் பகுதிகளுக்கு வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் வேலை தேடி வந்தார்கள். முதலில் மேன்ஷன், பிறகு ஒற்றை அறை, கல்யாணமானதும் அடுக்குமாடியில் ஒரு வாடகை வீடு. கொஞ்சம் சேமித்தவர்கள் கடன் வாங்கிச் சொந்த வீடும் வாங்கினார்கள்.

கிராமத்தில் தெருவே சாதியைச் சொல்லிவிடும். ஊர் தனி, காலனி தனி. குழாய் தனி, சுடுகாடு தனி. அடுக்குமாடியில் அப்படி இல்லை. ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார், ஒரே செப்டிக் டேங்க். எல்லோரும் ஒரே கேட்டைத் திறந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும். பட்டணத்துக்குப் போனால் சாதி தேய்ந்துவிடும் என்று நம் பெரியவர்கள் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது? அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். இருவருமே நாசூக்காகத் தவிர்த்துவிட்டார்கள். இரவு ரயில் வரும் வரை ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்குத் திரும்பினார். இதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

நூறாண்டு கழித்தும் நிலைமை முழுதாக மாறவில்லை. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2015இல் அது வெளியானது. தொலைபேசியில் கேட்டபோது உயர்சாதிப் பெயர் சொன்ன ஒருவருக்கும் மறுப்பு வரவில்லை. தலித் என்று தெரிந்தபோது 18 சதவீதம் பேருக்கும், முஸ்லிம் என்று தெரிந்தபோது 31 சதவீதம் பேருக்கும் வீடு இல்லை என்று பதில் வந்தது. நம் பக்கத்தில் இவ்வளவு வெளிப்படையாக யாரும் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளின் அர்த்தம் தெரியும்.

எது தொல்லை?

முதலில் சாதாரணத் தகராறைப் பார்ப்போம். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு, கீழே சிந்தும் தண்ணீர், பார்க்கிங் இடம், படிக்கட்டில் கிடக்கும் குப்பைப் பை, இரவில் பாட்டு. இவை எல்லாமே ஒருவர் தன் வீட்டை நிம்மதியாக அனுபவிப்பதற்கு இடையூறு. சட்டம் இதைத் தொல்லை என்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் பாதிப்பு என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். பலருக்கும் பாதிப்பு என்றால் அது பொதுத் தொல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆவது பிரிவு அதற்கு விளக்கம் சொல்கிறது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் இருக்கிறது. கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களிடம் மனு கொடுக்கலாம்.

சத்தத்துக்கும் அளவு உண்டு. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இந்த விதி ஆடி மாதத்துக் கூழ் வார்க்கும் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் பொருந்தும், நம் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் பொருந்தும். நாம் இரவு பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவது அவர் உரிமை. அதைச் சாதிப் பிரச்சினை என்று நாம் சொல்லக்கூடாது. குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பதும், கசியும் குழாயைச் சரிசெய்வதும் எல்லோருக்கும் உள்ள கடமை.

ஆனால் தொல்லை என்று பெயர் சூட்டப்படுபவை எல்லாம் தொல்லை ஆகிவிடாது. கருவாடு வறுக்கும் வாசனை ஒரு வீட்டுக்குப் பிடிக்காமல் போகலாம். இன்னொரு வீட்டுக்குப் பெருங்காய வாசனை பிடிக்காமல் போகலாம். மாட்டுக்கறி சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. ஒருவர் தன் வீட்டு அடுப்பில் என்ன வைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு முடிவு செய்ய முடியாது. ஊரிலிருந்து அடிக்கடி உறவினர்கள் வருவதும், பிள்ளைகள் கேட்டருகே விளையாடுவதும், துக்க வீட்டில் பகலில் பறை அடிப்பதும் இப்படித்தான். எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வருகிறார்கள். நம் வீட்டுக்கு வந்தால் மட்டும் "கூட்டம்" என்று பெயர் வருகிறதென்றால், புகாரின் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே காரியத்தை வேறொரு வீட்டார் செய்தபோது சங்கம் என்ன செய்தது? அவர்களுக்கு ஒரு வார்த்தை, நமக்கு நோட்டீஸ் என்றால் அதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வாக்கியம்

இப்போது அந்த நான்காவது வாக்கியத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 3(1) பிரிவைப் படித்தால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும்.

பட்டியல் சாதியினர் குடியிருக்கும் இடத்திலோ அதன் வாசலிலோ மலம், கழிவுநீர், செத்த விலங்கு போன்ற அருவருப்பான பொருளைக் கொட்டுவது குற்றம். புண்படுத்தவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ அவர்கள் அக்கம்பக்கத்தில் கழிவைக் கொட்டுவதும் குற்றம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றம். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும் மிரட்டுவதும் குற்றம். வீட்டை விட்டு வெளியேறச் செய்வது குற்றம். சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் குற்றம். தண்டனை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறை, அபராதம்.

"பொதுமக்கள் பார்வையில் படும் இடம்" என்ற சொற்களை மாணவர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இதில்தான். டெல்லியில் ஒரு வீட்டு கேட்டருகே காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஸ்வரண் சிங் வழக்கு என்று பெயர். 2008இல் தீர்ப்பு. வீட்டு கேட் தனியார் இடமாக இருக்கலாம், ஆனாலும் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடம்தான் என்று நீதிமன்றம் சொன்னது. கட்டடத்துக்கு உள்ளேயே சொல்லியிருந்தாலும், உறவினர், நண்பர் அல்லாத பொதுமக்கள் சிலர் அங்கே இருந்தால் அதுவும் குற்றமே என்றும் சொன்னது.

மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் உத்தராகண்டைச் சேர்ந்த ஹிதேஷ் வர்மா வழக்கில், நிலத் தகராறில், நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட வசவு இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் தலித் என்பது மட்டும் போதாது, தலித் என்பதால் அவமதிக்கப்பட்டார் என்பது தெரிய வேண்டும் என்றது. நம் திருச்சி மாவட்டத்திலிருந்து போன கருப்புடையார் வழக்கிலும், அரசு அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்வு பொதுமக்கள் பார்வையில் நடந்தது ஆகாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

ஆகவே படிக்கட்டிலும் லிஃப்ட் வாசலிலும் பார்க்கிங்கிலும் மொட்டை மாடியிலும் சங்கக் கூட்டத்திலும் யார் முன்னால், என்ன சொல், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் முக்கியம். உடனிருந்த வாட்ச்மேன், பால்காரர், கூரியர் பையன் யாராயினும் சாட்சிதான். கேட்டில் கேமரா இருந்தால் பதிவை அழிப்பதற்கு முன் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கேட்க வேண்டும்.

டேங்க் நிரம்பினால் யாரைக் கூப்பிடுகிறோம்?

அடுக்குமாடித் தகராறுகளில் மிக நாற்றமடிப்பது செப்டிக் டேங்க் தகராறு. பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்கள் நம் பகுதியில் இன்னும் உண்டு. டேங்க் நிரம்பி வழியும். தரைத்தள வீட்டுக்காரர் கத்துவார். லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்று மாடிக்கு மாடி சண்டை நடக்கும். கடைசியில் செலவைக் குறைக்க, எல்லோரும் சமாதானமாகி ஒரு முடிவுக்கு வருவார்கள்: "ஒரு ஆளை இறக்கிடலாம்."

அந்த ஆள் யாராக இருப்பார் என்று இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதி பார்க்காத கட்டடம் என்று பெருமை பேசுகிறவர்களும் இந்த ஒரு வேலைக்கு ஆள் தேடும்போது எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மலக்குழியிலும் சாக்கடையிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கூலி கொடுத்துக் கூப்பிட்ட வீட்டு உரிமையாளரும் இதில் வருவார். இறந்தால் 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் விஷவாயு இழப்பீட்டைக் கணக்குப் பார்ப்பதில்லை. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் இறந்தார்கள். உள்ளே போனவரைக் காப்பாற்றப் போனவர், அவரைக் காப்பாற்றப் போனவர் என்று வரிசையாகப் போனார்கள். கட்டட உரிமையாளர் வீட்டாரும் அதில் அடக்கம்.

கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் "ஆளை இறக்கலாம்" என்று பேச்சு வந்தால், முதலில் மறுத்துப் பேச வேண்டியவர்கள் நாம்தான்.

காலி செய்யச் சொன்னால்

தகராறு முற்றும்போது சங்கம் வாடகைக்காரரிடம் பேசாது, வீட்டு உரிமையாளரிடம் பேசும். உரிமையாளர் நல்லவராகவே இருப்பார்; "எனக்கு எதுக்குப்பா வம்பு, வேற வீடு பாத்துக்கோ" என்பார். திட்டியவர் அங்கேயே இருப்பார், திட்டு வாங்கியவர் லாரியில் சாமான் ஏற்றுவார்.

இங்கே ஒரு சட்டம் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கட்டாயப்படுத்திக் காலி செய்ய வைக்க முடியாது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே என்று பதிவு செய்யாமல் விடுகிறோம். அந்த ஒரு தாள்தான் நாளைக்கு நம் கையில் இருக்கும் ஆயுதம்.

வீடே கொடுக்க மறுப்பதற்கு என்ன செய்வது? தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் குற்றம். ஆனால் வீடு "வேறு ஒருவருக்குப் பேசியாச்சு" என்று சொல்லிவிட்டால் நிரூபிப்பது கடினம். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. வாடகை வீட்டுச் சந்தைக்கென்றே அப்படி ஒரு தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. இதைக் கேட்க வேண்டியது நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம்.

என்ன செய்யலாம்?

சாதாரணத் தொல்லை என்றால் முதலில் நேரில் பேசுவோம். தீரவில்லை என்றால் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். அதற்கும் மேலே மாநகராட்சி அல்லது நகராட்சி, காவல் நிலையம், கோட்டாட்சியர், நீதிமன்றம் என்று போகலாம்.

சாதியைச் சொல்லி அவமதித்தால் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அன்றே புகாரை எழுதுங்கள். சொல்லப்பட்ட சொல்லை அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று எழுதினால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். ஆவடி, சென்னை போன்ற ஆணையரகங்களில் அது உதவி ஆணையர். 60 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மீதும் 4ஆவது பிரிவில் நடவடிக்கை உண்டு. காவல் நிலையம் இழுத்தடித்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணையும், 2021இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்தையும் அணுகலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ தொடர்புகொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கிறிஸ்தவத்துக்கு மாறிய நம் உறவுகளுக்கு இன்றைய சட்ட நிலையில் வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பு இல்லை; 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. அதே படிக்கட்டில் அதே வசவு அவர்கள் மீதும் விழுகிறது, ஆனாலும் அவர்கள் பொதுவான குற்றப் பிரிவுகளில்தான் புகார் செய்ய முடியும். இரண்டாவது, பார்க்கிங் தகராறில் சொல்லப்படாத சாதிச் சொல்லைச் சொன்னதாக எழுதாதீர்கள். ஒரு பொய் வழக்கு உடைந்தால், அடுத்து வரும் பத்து உண்மைப் புகார்களை அதைக் காட்டியே தட்டிக்கழிப்பார்கள்.

தமிழ்நாடு ஒரு காலத்தில் இதே கேள்விக்கு வீடுகளாலேயே பதில் சொல்லிப் பார்த்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடு என்றால் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. முதல் ஊர் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வெவ்வேறு சாதியினரைக் குடிவைக்க அங்கே அரசு திட்டம் போட வேண்டியிருந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வேலையும் வாடகையும் வங்கிக் கடனும் அதைத் தாமாகவே செய்துவிட்டன. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். மேலிருந்து தண்ணீர் சொட்டும். கீழேயிருந்து சத்தம் வரும். "பிழிஞ்சு போடக்கூடாதா?" என்று அவர்கள் கேட்கட்டும், "தெரியாம நடந்திருச்சுக்கா" என்று நாம் சொல்வோம். அதோடு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வீடும் சமைக்கப் போகட்டும். நான்காவது வாக்கியம் வந்தால் மட்டும், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்புவோம். வீட்டைக் காலி செய்ய அல்ல.